குட்டைக் குப்பி, நெட்டைக் குப்பி

மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் படகில், முன்பெஞ்சுக்காரர் சொன்னதைக் கேட்டுத்தான் பேப்பரை மடித்தேன். அவர் கல்லூரி லேப் அட்டெண்டர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“லேப் பரீட்சையில பைன் இலையை அறுத்துப் பாத்து எழுதினவ என் மவ ஒருத்திதான். தோத்ததும் அவ ஒருத்திதான்.”

“அதெப்படி சேட்டா?” என்றார் பக்கத்திலிருந்த ஹோட்டல் தொழிலாளி.

“ரெண்டு குப்பியில ரெண்டு சாதி பைன் இலை. வெளியே பாத்தா ஒரே மாதிரி. கப்பைக் கம்பு, அதான் மரவள்ளிக் கம்பு, அதோட நடு நெட்டியில இலையைச் சொருகி, பிளேடால மெல்லிசா சீவி, மைக்ரோஸ்கோப்புல பாக்கணும். ஒரு சாதியில பிசின் ஓடுற ஓட்டை தோலை ஒட்டி இருக்கும். மத்ததுல நடுச்சதையில.”

“மத்த பிள்ளைங்க?”

“குட்டைக் குப்பியில எந்தச் சாதி, நெட்டைக் குப்பியில எந்தச் சாதின்னு முன்னாடியே லேபிளைப் பாத்து மனப்பாடம் பண்ணிடுச்சுங்க. பரீட்சையில லேபிளை மறைச்சாலும் குப்பி தெரியுமே. மார்க் போட்ட சாரும் லேபிளைத்தான் பாத்தாரு.”

“அப்ப லேபிள்தான் தப்பா?”

“நானும் பிறகு அறுத்துப் பாத்தேன். மவ எழுதினதுதான் சரி. மழை ஈரத்துல லேபிள் உரிஞ்சு, திரும்ப ஒட்டுறப்ப மாறிட்டுது.”

“ஒட்டினவனைச் சும்மாவா விட்டீங்க?”

படகு துறையில் முட்டியது. அட்டெண்டர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“வீட்டுல மவளும் அதான் கேக்குறா. நான்தான்னு இன்னும் சொல்லலே.”