போதும்பாறை

அன்றைக்கு அய்யனார் கோயில் பாறையைச் சுற்றி நின்றவர்கள் எழுபத்துநாலு பேர். மேலப்பட்டி ஆண்கள் இருபத்தாறு, பெண்கள் பதினொன்று. கீழப்பட்டி ஆண்கள் பத்தொன்பது, பெண்கள் பதினாலு. பூசாரி ஒருவர், கொட்டுக்காரர் இரண்டு பேர், கிடாய் அறுத்தவர் ஒருவர். பிள்ளைகளை யாரும் எண்ணவில்லை. ஓரிடத்தில் நின்றால்தானே எண்ணுவதற்கு. இந்த எழுபத்துநாலு பேரில் கூட்டம் கலைகிறவரை சாப்பிட்டவர்கள் இரண்டே பேர். மற்ற எழுபத்திரண்டு பேரும் பட்டினி. இதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்கக் கூடாது.

நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் மண்ணில் தவழ்ந்த காலம் அது. விளாங்கண்மாய் என்று ஒரு கண்மாய் இருந்ததாம். அதன் மேல்கரையில் ஓர் ஊர், மேலப்பட்டி. கீழ்கரையில் ஓர் ஊர், கீழப்பட்டி. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரே ஒரு மடை. மடையை முதலில் திறக்கிற ஊருக்கு எட்டு நாள் தண்ணீர். அப்புறம் அடுத்த ஊருக்கு எட்டு நாள்.

யார் முதலில் திறப்பது? ஒரு காலத்தில் அது அரிவாள் வெட்டில் போய் முடிந்ததால் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தை மாதப் படையல் அன்று ஊருக்கு ஓர் ஆள் பாறையில் எதிரெதிரே உட்கார வேண்டும். இரண்டு ஊரிலும் வீட்டுக்கு ஒரு பிடி மாவு வாங்கிக் கேப்பைக் களி கிண்டுவார்கள். சிரட்டையில் அள்ளி உருட்டினால் முப்பத்திரண்டு உருண்டை. கோயில் கிடாயை அடித்துக் குழம்பு. யார் ஓர் உருண்டையாவது கூடுதலாகச் சாப்பிடுகிறாரோ அவர் ஊருக்கு மடை. மழை பெய்கிற காலத்தில் இது ஒரு விளையாட்டு. ஜெயித்தவனையும் தோற்றவனையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போவார்களாம். எட்டு நாள் முந்தினால் என்ன, பிந்தினால் என்ன?

அந்த வருசம் அப்படி இல்லை. முந்தின வருசமே விளைச்சல் பொய்த்துவிட்டது. இந்த வருசமும் மழை பாதியில் நின்றுவிட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரம். கண்மாயில் கிடந்தது எட்டு நாள் தண்ணீர்தான். முதலில் திறக்கிற ஊர் கஞ்சி குடிக்கும். மற்ற ஊர் பொட்டி கட்டிக்கொண்டு பிழைக்கப் போகும். அவ்வளவுதான். ஒரு பிடி மாவு கொடுக்கவே வீட்டுக்கு வீடு பானையைக் கவிழ்த்துத் தட்டினார்கள்.

கீழப்பட்டிக்கு ஆறு வருசமாக உட்கார்ந்தவன் மொக்கையன். அவன் வீட்டில் அவன் தாய் சிலம்பாயி, தம்பி தவசி, தவசியின் பெண்டாட்டி ஒச்சாயி. ஒச்சாயி வாக்கப்பட்டு வந்து ஏழு வருசம். நெடுநெடுவென்று வளர்ந்தவள், பேச்சே இல்லாதவள். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியை மடியில் வைத்து வழித்துச் சாப்பிடுவாள். அந்தச் சத்தம் சிலம்பாயி காதில் விழும்.

"வயிறாடி அது? மாட்டுக்குத் தண்ணி காட்டுற குலுதாடியா?"

ஒச்சாயி வழிப்பதை நிறுத்த மாட்டாள். அப்புறம் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடிப்பாள். இரண்டு சொம்பு, சில நாள் மூன்று சொம்பு.

"பானைத் தண்ணியையும் விட்டு வைக்கிறதில்ல" என்பாள் சிலம்பாயி.

படையல் நாள் வந்தது. மொக்கையன் ஒரு காரியம் செய்திருந்தான். ஊர் பிழைக்க வேண்டுமே, வயிற்றில் இடம் வேண்டுமே என்று மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் கிடந்தான். நாலாம் நாள் உச்சிப் பொழுதில் பாறைக்கு வந்தான். உட்கார்ந்தான். களிச்சட்டியைத் திறந்தார்கள். ஆவி முகத்தில் அடித்ததும் கண் சொருகி அப்படியே சாய்ந்துவிட்டான்.

மேலப்பட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் ஆள் ஆண்டிச்சாமி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் முந்தின நாள் ஊரார் வாயைக் கட்டிக் கொடுத்த கூழைக் குடித்து வயிற்றை விரித்து வைத்திருந்தான்.

"என்னப்பா, வாசத்துக்கே விழுந்துட்டாரா உங்க ஆளு? வாயில வச்சா எங்க போய்த் தேடுறது?"

பூசாரி கையைத் தூக்கினார். "போட்டிக்கு வெத்தலை வாங்குன வீட்டுல இருந்து இன்னொரு ஆளு உட்காரலாம். கொட்டு ஒரு சுத்து அடிச்சு முடியிறதுக்குள்ள உட்காரணும். இல்லைன்னா மடை மேலப்பட்டிக்கு."

கொட்டு அடிக்கத் தொடங்கிவிட்டது. தவசி முன்னால் வந்தான். சிலம்பாயி அவன் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"ரெண்டு உருண்டைக்கே ஏப்பம் விடுறவன் நீ. நில்லுடா." பெண்கள் பக்கம் திரும்பினாள். "ஏ ஒச்சாயி! வாடி இங்க."

ஒச்சாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பொம்பளையா?" என்று மேலப்பட்டியில் ஒருவர் குதித்தார்.

"வீடுன்னுதான் வழக்கம். ஆம்பளைன்னு வழக்கத்துல இல்ல" என்றார் பூசாரி.

ஆண்டிச்சாமி சிரித்தான். "ஏ ஆத்தா, குழம்பு ருசி பாக்கவா மருமகள அனுப்புற?"

"டேய் ஆண்டி" என்றாள் சிலம்பாயி. எழுபத்துநாலு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஏழு வருசமா எஞ்சட்டியில நாய்க்குப் போட ஒரு பருக்கை மிஞ்சினது இல்லடா. இவ வயிறு எனக்குத் தெரியும்."

ஒச்சாயிக்கு மண் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. எந்த ஒன்றை ஏழு வருசமாக முந்தானையில் மூடி வைத்திருந்தாளோ, அதை மாமியார் ஊர் நடுவில் அவிழ்த்துக் கொட்டிவிட்டாள். ஆனால் கொட்டு முடியப்போகிறது. தலையைக் குனிந்துகொண்டே போய் உட்கார்ந்தாள்.

தேக்கிலை போட்டார்கள். பூசாரி இரண்டு பக்கமும் உருண்டை வைத்தார். ஓர் உருண்டை முடிந்தால் ஒரு புளியங்கொட்டை, ஆளுக்கு ஒரு வரிசை.

களியை மெல்லக் கூடாது. ஒரு வாய் பிட்டு, விரலால் குழி பண்ணி, குழம்பில் புரட்டி நாக்கில் வைத்தால் அது தானாக இறங்க வேண்டும். ஒச்சாயி முதல் வாயை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். சூடு. மிளகுக் காரம். கிடாய்க் கொழுப்பு மினுமினுவென்று குழம்பில் மிதந்தது. அவள் வாக்கப்பட்ட வீட்டில் சூடாகச் சாப்பிட்டது இல்லை. அடிச்சட்டி ஆறித்தான் அவள் கைக்கு வரும். ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. மூன்றாவதில் ஈரல் துண்டு ஒன்று வந்தது. நாலாவதில் நல்லி எலும்பு. அதை உறிஞ்சுகிறபோது சுற்றி ஆள் நிற்பதே அவளுக்கு மறந்துபோனது என்று சொல்வார்கள்.

நிற்பவர்களுக்கு மறக்குமா? அவள் விழுங்கும்போதெல்லாம் எழுபத்திரண்டு தொண்டையும் சேர்ந்து ஏறி இறங்கியது.

ஐந்து, ஐந்து. ஆறு, ஆறு. ஆண்டிச்சாமி ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தான். ஏழு, ஏழு. எட்டு, எட்டு. சிரிப்பு நின்றது. ஒன்பது, ஒன்பது. பத்து, பத்து. ஆண்டிச்சாமி இன்னொரு சொம்பு குடித்தான். ஒச்சாயி முன்னால் வைத்த சொம்பு வைத்தபடி இருந்தது.

பதினொன்றில் ருசி போயிற்று. பன்னிரண்டில் விலா இரண்டும் வலித்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கீழப்பட்டிப் பெண்கள் பதின்மூன்று பேர். ஒருத்தி இடுப்புப் பிள்ளை காய்ந்த விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஒச்சாயி அடுத்த வாயைப் பிட்டாள்.

பதின்மூன்றாவது உருண்டை பாதியில் விக்கல் வந்தது.

ஒரு விக்கல். இரண்டு. மூன்று. உடம்பே தூக்கிப் போட்டது.

"தண்ணி குடிம்மா!" "யாராச்சும் தண்ணியக் குடுங்க!" "மூச்சு நின்னுபோகும்!"

சிலம்பாயி ஓடி வந்து சொம்பை எடுத்து அவள் வாயருகே வைத்தாள்.

"குடி."

ஒச்சாயி தலையை ஆட்டினாள்.

"குடிடி. செத்துப்போவ."

"வேணாம் அத்தே." விக்கலுக்கு நடுவில் சன்னமாகச் சொன்னாள். "தண்ணி உள்ள போனா இடம் போயிரும். எனக்குத் தெரியும்."

"உனக்கு என்னடி தெரியும்?"

"தெனமும் ராத்திரி அதைக் குடிச்சுத்தானே பசியை அடக்கிட்டுப் படுக்குறேன்."

சிலம்பாயி கையில் சொம்பு அப்படியே நின்றது. இரண்டு சொம்பு, சில நாள் மூன்று சொம்பு. ஏழு வருசம். இத்தனை நாளும் மருமகள் வயிறு ரொம்பிப் படுக்கிறாள் என்றே அவள் நினைத்திருந்தாள். மருமகள் முகத்தைப் பார்த்தாள். எதிரே ஆண்டிச்சாமியின் இரண்டு காலிச் சொம்பையும் பார்த்தாள். பிறகு சொம்புத் தண்ணீரைப் பாறையில் கவிழ்த்தாள். தண்ணீரே இல்லாத வருசத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் பாறையில் ஓடியது.

"ஐயோ, கிழவிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா!" என்றார்கள்.

சிலம்பாயி காதில் வாங்கவில்லை. இலையோரத்தில் கிடந்த உப்புக்கல்லை எடுத்து மருமகள் நாக்கில் வைத்தாள். "மூச்சைப் பிடி. நான் எண்ணுறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு..." இருபத்தொன்று எண்ணியதும் விக்கல் நின்றது என்பார்கள்.

பதின்மூன்று, பதின்மூன்று. பதினாலு, பதினாலு. இரண்டு பக்கமும் பதினாலு புளியங்கொட்டை.

பதினைந்தாவது உருண்டையை வைத்தார் பூசாரி. ஆண்டிச்சாமி கையை நீட்டினான். உருண்டையைத் தொடாமலே கையை இழுத்துக்கொண்டான். குடித்த தண்ணீரில் களி உள்ளே ஊறி உப்பிக்கொண்டிருந்தது. மறுபடி கையை நீட்டினான். மறுபடி இழுத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டி மேலப்பட்டிப் பெண்கள் நடுவில் இருந்து, "ஒரே ஒரு வாய்யா... பிள்ளைகளை நெனச்சுக்கய்யா" என்று அழுதாள். அவன் அவளைப் பார்த்தான். இலையைப் பார்த்தான். அவன் கண்ணில் நீர் இறங்கியது. கை ஏறவில்லை.

"என்னால ஏலல" என்றான்.

அதோடு முடியவில்லை. பதினாலுக்குப் பதினாலு சமம். ஒச்சாயி பதினைந்தை முடித்தால்தான் மடை. பாதியில் விட்டால் இரண்டு ஊருக்கும் இல்லை, பாறையில் மறுபடி அரிவாள்தான். கொட்டு நின்றது. பிள்ளைகள்கூட நின்றார்கள். வேண்டுமானால் அப்போது எண்ணியிருக்கலாம்.

ஒச்சாயி பிட்டாள். புரட்டினாள். வைத்தாள். ஒவ்வொரு வாய்க்கும் சிலம்பாயி உதடு எண்ணியது. ஏழாவது வாயில் உருண்டை முடிந்தது. பூசாரி பதினைந்தாவது கொட்டையை வைத்தார்.

கீழப்பட்டி ஆண்கள் மொக்கையனையும் தூக்கிக்கொண்டு மடைக்கு ஓடினார்கள். பெண்கள் பின்னால் ஓடினார்கள். மேலப்பட்டிக்காரர்கள் ஆண்டிச்சாமியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாறையில் மிஞ்சியது மாமியாரும் மருமகளும்தான். தூரத்தில் மடைத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

ஒச்சாயி மெதுவாகக் காலை மாற்றி உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள்.

"அத்தே, இன்னொண்ணு வைங்க."

"இன்னுமாடி?"

"அது ஊருக்குத் தின்னது. இது எனக்கு."

சிலம்பாயி சட்டியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து இலையில் வைத்தாள். அடியில் கிடந்த கறியை எல்லாம் வழித்து ஊற்றினாள். ஒச்சாயி அவசரம் இல்லாமல், எலும்பு எலும்பாக உறிஞ்சிச் சாப்பிட்டாள். போன ருசி திரும்பி வந்திருந்தது. பதினாறாவதும் முடிந்தது.

சட்டியில் கடைசியாக ஒன்று கிடந்தது. சிலம்பாயி அதையும் கையில் எடுத்தாள்.

"வைக்கட்டுமா?"

"போதும்" என்றாள் ஒச்சாயி.

வாக்கப்பட்டு வந்து ஏழு வருசத்தில் அவள் வாயில் அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அது உங்களுக்கு அத்தே. காலையில இருந்து நீங்களும் பட்டினிதானே." சிலம்பாயி மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த உருண்டையைச் சாப்பிட்டாள். அதற்கப்புறம்தான் ஒச்சாயி தண்ணீர் குடித்தாள். ஒரு மடக்கு.

மேலப்பட்டிக் கதிர் அந்த வருசம் கருகியது. அதையும் மறைக்கக் கூடாது. பதினெட்டு வீடு பிழைக்கப் போய், ஒன்பது வீடுதான் திரும்பி வந்தது. அடுத்த வருசத்தில் இருந்து போட்டியை நிறுத்தி, மடையை நாலு நாள், நாலு நாள் என்று மாற்றி விட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பாறைக்குப் பெயர் போதும்பாறை. இன்றைக்கும் தை மாதப் படையலில் இரண்டு ஊர்ப் பெண்களும்தான் முதல் பந்தி. பரிமாறுவது ஆண்கள். உட்காருவதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீரைப் பாறையில் கவிழ்ப்பார்கள். உட்கார்ந்திருப்பவள் தன் வாயால் "போதும்" என்று சொல்கிறவரை இலையில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்டிச்சாமிக்கும் ஓர் இலை போட்டு, ஓர் உருண்டை வைப்பார்கள். அதை யாரும் தொடுவது இல்லை.

அன்றைக்கு உருட்டியது முப்பத்திரண்டு. ஆண்டிச்சாமி சாப்பிட்டது பதினாலு. ஒச்சாயி சாப்பிட்டது பதினாறு. சிலம்பாயி சாப்பிட்டது ஒன்று. மிச்சம் ஒன்று.