கணக்கில் வராத ஒன்பது வருஷம்

— அடிச்சுச் சொல்றேன் அக்கா, அறுபது மணி நேர வீடியோ கேமை உலகத்துலயே வேகமா முடிக்கப்போறது நாம ரெண்டு பேர்தான். ஆரம்பிச்சு ஒன்பது வருஷம்தான் ஆகுது.

— நெஞ்சு வலின்னு போன்ல சொன்னே. பதறியடிச்சுக்கிட்டு மூணு மாடி ஏறி வந்திருக்கேன்.

— வலி நிஜம். உன் செருப்புச் சத்தம் படிக்கட்டுல கேட்டதும் ஜன்னல் வழியா எறங்கி ஓடிப்போச்சு.

— பஸ் ஓட்டின காலத்துலேர்ந்தே உன் வாய்க்கு பிரேக் கிடையாதுடா. வேகப் போட்டியாம், ஒன்பது வருஷமாம். முப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவகிட்ட சொல்றே.

— டீச்சரம்மா, கேளுங்க. இவ்வளவு நீள ஆட்டத்தை ஒரே மூச்சுல ஆடினா தாடி முழங்காலைத் தொடும். அதனால போட்டி நடத்துறவங்களே துண்டு துண்டா ஆடலாம்னு விட்டுட்டாங்க. ஒரு துண்டு ஆடு, சேவ் பண்ணு, போய்த் தூங்கு. நடுவுல எத்தனை நாள் போனாலும் கணக்குல வராது. ஆடின நேரம் மட்டும்தான்.

— அதுக்கு நான் எதுக்கு?

— அம்பத்தொம்பது துண்டு நாம ஆடி வெச்சது அப்படியே இருக்கு. கடைசி ஒண்ணுதான் பாக்கி. ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளினாத்தான் அந்தக் கோட்டைக் கதவு திறக்கும்.

— உனக்கு வேற ஆளே கிடைக்கலியா?

— ஆரம்பிச்ச ஆளுங்களேதான் முடிக்கணும். விதி அது.

— அந்த விதியை இப்பதானே உண்டாக்கினே?

— போன வாரம்னு வெச்சுக்கோயேன்.

— அம்பத்தொம்பதாவது துண்டை என்னிக்கு ஆடினோம், ஞாபகம் இருக்கா?

— இருக்குக்கா.

— இருபத்தெட்டு வருஷம் என்கூட வாழ்ந்த மனுஷன், உன் மாமா, ஆஸ்பத்திரியில படுத்திருந்தார். நான் கிளம்பறேன்னேன். இன்னும் ஒரு துண்டு, அரை மணி நேரம்னு உட்கார வெச்சே. நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவர் போயிட்டார்.

— தெரியும்.

— உன் ஆட்டத்துல ஒரு துண்டு சரியா வரலேன்னா என்ன பண்ணுவே?

— அதை மட்டும் திரும்ப ஆடலாம். எத்தனை தடவை வேணும்னாலும்.

— அப்போ அந்த அரை மணி நேரத்தைத் திரும்ப ஆடிக் கொடு.

— முடிஞ்சிருந்தா இந்த ஒன்பது வருஷமும் அதையேதான் ஆடிட்டிருந்திருப்பேன்.

— மறுநாளாவது வந்து என்னை எட்டிப் பார்த்தியா? தம்பி எங்கேன்னு கேட்டவங்களுக்கெல்லாம், அவன் வரவே இல்லைன்னு சொன்னேன்.

— வந்தேன். கேட் உள்பக்கம் பூட்டியிருந்துச்சு. கொட்டுற மழையில, எதிர்ப்பக்கம் நாலு மணி நேரம் நின்னேன்.

— நாலு மணி நேரமா? நீ சொல்றதுல பாதியைக் கழிச்சு, மிச்சத்துலயும் பாதியைக் கழிக்கணும்.

— சரி, ஒரு மணி நேரம்னே வெச்சுக்கோ. நின்னேன்கிறதை மட்டுமாவது நம்புக்கா.

— அந்தக் கன்ட்ரோலரை இப்படிக் கொடு. பச்சைப் பட்டன்தானே குதிக்கிறதுக்கு?

— அதேதான். அப்போ நான் நின்னதை நம்புறியாக்கா?

— நாலு மணி நேரம் பத்து நிமிஷம்டா. மாடியில ஜன்னல் திரைக்குப் பின்னாடி நின்னு உன்னையே பார்த்துட்டிருந்தேன். கேட்டைப் பூட்டினது நான்தான்.