நனைந்த மஞ்சள் கொடி

தேநீர் நன்றாக இருக்கிறது. கொதித்த நீரை அப்படியே ஊற்றாமல் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றியிருக்கிறாள் அந்தப் பெண். இந்தக் காலத்தில் யாருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது. ஹத்சுயோ அக்காவுக்குக் கூட இருந்ததில்லை. எதிலும் அவசரம் அவளுக்கு.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் பெயர் கினுகோ. வயது எழுபத்துநான்கு என்றாலும் ஞாபகத்தில் குறை இல்லை, தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் குடியிருப்பில் தனியாக இருக்கும் வயதானவர்கள் காலை எட்டு மணிக்குள் பால்கனிக் கம்பியில் ஒரு மஞ்சள் கொடியைக் கட்டவேண்டும். இன்னும் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். சாயங்காலம் அவிழ்த்து உள்ளே எடுத்துவிடுவோம். ஒன்பது மணிக்குப் பராமரிப்பாளர் மொரிவாக்கி முற்றத்தில் நடந்தபடி அண்ணாந்து பார்ப்பார். எந்த வீட்டிலாவது கொடி இல்லையென்றால் அந்தப் படிக்கட்டில் உள்ள வீடுகளுக்கான பொறுப்பாளரிடம் சொல்வார். பொறுப்பாளர் போய்க் கதவைத் தட்டவேண்டும். எங்கள் படிக்கட்டுக்குப் பதினோரு வருடமாக நான்தான் பொறுப்பாளர். எல்லார் வீட்டு மாற்றுச் சாவியும் என்னிடம் இருக்கிறது.

நான் நான்காவது மாடி. ஹத்சுயோ இரண்டாவது மாடி, எண்பத்தொரு வயது. வாய் மட்டும் இருபது. "கினு, நீ தட்டுற தட்டுல செத்தவன்கூட எழுந்து வந்துடுவான்டீ" என்பாள். தினமும் நான் முள்ளங்கி ஊறுகாய் கொண்டுபோவேன். "உப்பே இல்ல. உன் புருஷன் எப்படித்தான் இதைத் தின்னாரோ" என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்வாள். அவள் துணிகளை மடிப்பேன், முதுகு தேய்த்துவிடுவேன், கால் நகம் வெட்டிவிடுவேன். கினுகோ மாதிரி ஒரு மனுஷி கிடைக்குமா என்று படிக்கட்டில் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். அது காதில் விழும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மறைக்க என்ன இருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் ஊறுகாயை மென்றபடியே சொன்னாள்.

"மாசக் கடைசியில நகோயாவுக்குக் கிளம்பறேன். மக எனக்குன்னு ஒரு ரூமை ஒழிச்சு வச்சிருக்கா."

"அப்ப நான்?"

"உனக்கென்னடீ? தட்டறதுக்கு இன்னும் எத்தனை கதவு கெடக்கு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதேன். கணவர் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு அவள் பால்கனியில் கொடி இல்லை. சாவியைப் போட்டுத் திறந்தேன். குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள். இடுப்பு எலும்பு போயிருந்தது, அசைய முடியவில்லை. என்னைப் பார்த்ததும் அவளுக்கு உயிரே வந்தது.

"வந்துட்டியா... சீக்கிரம் ஆம்புலன்ஸைக் கூப்பிடுடீ."

"இதோக்கா" என்றேன்.

கூப்பிடத்தான் எழுந்தேன். நம்புங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்கு மகள் வருவாள், அங்கிருந்து நேரே நகோயா. இந்தப் படிக்கட்டை அவள் இனி மிதிக்கப் போவதில்லை. ஒரு நாள் போகட்டுமே என்று தோன்றியது. கொடியை எடுத்துப்போய்ப் பால்கனியில் கட்டினேன். மணி எட்டரை. கீழே மொரிவாக்கி இன்னும் வந்திருக்கவில்லை.

தொலைபேசியை எடுத்து அலமாரி மேல் வைத்தேன். தரையில் கிடந்தால் யார் காலிலாவது ஒயர் தடுக்கும் அல்லவா.

நான் அவளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டு போர்வை போர்த்தினேன். கஞ்சி வைத்து, உப்பில் ஊறிய பிளம் பழத்தைக் கரைத்து, கரண்டியால் ஊட்டினேன். அவள் கத்தியபோது கதவுகளைச் சாத்தி டிவி சத்தத்தைக் கூட்டினேன். முதல் நாள் என்னைத் திட்டித் தீர்த்தாள். "பேயே, இத்தனை வருஷம் என் சோத்துத் தட்டு பக்கத்துல பேயாடீ உக்காந்திருந்த?" என்று கேட்டாள். அவள் குளியலறைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். ஊறுகாய் கொண்டுவரும் அதே முகம்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை திட்டு நின்று கெஞ்சல் வந்தது. புதன்கிழமை காய்ச்சல் கொதித்தது, கஞ்சி இறங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கினு... நான் நகோயா போகல. சத்தியமா போகல. இங்கயே உன்கூட இருக்கேன். கூப்பிடுடீ."

இதைத்தானே நான் கேட்க ஏங்கினேன். அந்த நிமிடமே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் இன்னொரு தடவை அவள் அதைச் சொல்லக் கேட்க ஆசையாக இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குக் கை சில்லிட்டுப் போனது. அவள் மறுபடி சொல்லவே இல்லை.

வியாழக்கிழமையும் ஏன் கொடி கட்டினேன் என்று கேட்கிறீர்கள். கட்டாவிட்டால் அவள் இல்லை என்று ஆகிவிடுமே. அந்த அவசரத்தில்தான் மழையைக் கவனிக்காமல் விட்டேன். மழை நாளில் ஹத்சுயோ கொடியை வெளியே கட்ட மாட்டாள், பால்கனிக் கதவின் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டிவைப்பாள். ஈரத்துணி என்றால் அவளுக்கு அப்படி ஒரு அருவருப்பு. கொடி சொட்டச் சொட்ட நனைவதைக் கீழேயிருந்து பார்த்துவிட்டு மொரிவாக்கி மேலே ஏறி வந்தார். நான்தான் கதவைத் திறந்தேன். மற்றது உங்களுக்குத் தெரியும்.

அவர் உங்களிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அதையும் எழுதுங்கள். உங்கள் போலீஸ் வண்டி வரும்வரை நாங்கள் இருவரும் படிக்கட்டில் நின்றிருந்தோம். அந்த மனிதர் சொன்னார்:

"உங்க வீட்டுக் கொடிகூட நாலு நாளா காணோம். பார்த்தேன். நீங்கதானே, மறந்திருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நான்கு நாளும் நான் என் கொடியைக் கட்டவில்லை. ஒருவர்கூட வந்து என் கதவைத் தட்டவில்லை.

ஒரு மனுஷி உயிரோடு இருக்கிறாளா செத்தாளா என்று பார்க்காமல் நான்கு நாள் விட்டுவிட எவ்வளவு கல்நெஞ்சு வேண்டும். அதை நீங்கள் விசாரிக்க வேண்டாமா, ஐயா?