சிவப்புத் துணி கட்டிய முளை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை, குடிக்கலாம். என் பயணத் திட்டத்தைப் படித்திருப்பீர்கள், ஐயா. பதினோரு பக்கம். இலையுதிர் காலத்தில் அந்தத் தேசியப் பூங்காவுக்குப் படம் எடுக்கப் போவதென்றால் ஆறு மாதம் முன்பே உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். இல்லாவிட்டால் அறை கிடைக்காது; நல்ல இடத்தில் எல்லாம் எவனாவது கேமராவை ஊன்றிக்கொண்டு நிற்பான். என் மனைவியின் தம்பிக்கு இந்தக் கவலையே கிடையாது. பையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். கேட்டால், "மாமா இருக்காரு, பாத்துக்குவாரு" என்பான்.

போன வருஷமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். மான்கள் வந்து புரளும் சேற்றுப் பள்ளத்தைக் கண்டுபிடித்து மூன்று நாள் காத்திருந்தது நான். நான்காம் நாள் டீ ஊற்றத் திரும்பினேன், அந்த நேரம் பார்த்துப் பெரிய ஆண் மான் வந்து நின்றது. மச்சினன் படம் எடுத்தான், பரிசும் வாங்கினான். வரவேற்பறையில் இருந்த என் மீன்கொத்திப் படத்தைக் கழற்றிவிட்டு என் மனைவி அதை மாட்டினாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் ஆரம்பித்துவிடுவான்: "மான் வந்தப்ப மாமா என்ன பண்ணிட்டு இருந்தாருன்னு கேளுங்க. டீ ஊத்திட்டு இருந்தாரு." முதலில் சிரிப்பவள் என் மனைவி. நானும் சிரிப்பேன். கோபமெல்லாம் இல்லை.

அந்தப் பருவத்தில் ஆண் மான்களுக்கு மதம் பிடித்திருக்கும், கிட்டப் போனால் முட்டிவிடும். கேமராவுக்குள் கண்ணை வைத்தவனுக்குத் தூரம் தெரியாது. அதனால் முந்தின நாளே பள்ளத்திலிருந்து நூறு தப்படி அளந்து, சிவப்புத் துணி கட்டிய முளை ஒன்றை அடித்துவிடுவேன். அதைத் தாண்டக் கூடாது, அதுதான் எங்கள் வழக்கம். நான் நில அளவையாளன். இருபத்தாறு வருஷ சர்வீஸில் என் முளை ஒரு விரல்கடை தப்பியதில்லை. அதை அவன் கண்ணை மூடிக்கொண்டு நம்புவான்.

இந்த முறை முப்பதில் அடித்தேன். விடியற்காலைப் பனியில் முப்பதும் நூறும் ஒன்றுதான். அவன் பயந்து ஓடி வந்தால் வீட்டில் சொல்லிச் சிரிக்க எனக்கும் ஒரு கதை வேண்டாமா, அவ்வளவுதான்.

நான் எதிர்ப்பக்கப் பாறையில், சரியாக நூறு தப்படியில் இருந்தேன். மான் வந்தது. வாக்கிடாக்கியில் அவன் குரல் கிசுகிசுத்தது: "மாமா, ரொம்பப் பெருசா தெரியுதே. முளை சரியாத்தானே இருக்கு?"

"நான் அடிச்ச முளைப்பா" என்றேன். பொய் இல்லை.

கத்தியிருக்கலாமே என்கிறீர்கள். பூங்காவில் கத்தக் கூடாதென்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவனுக்கு மூச்சில்லை.

நேற்று என் மனைவி வந்தாள். அழுது அழுது முகமே வீங்கியிருந்தது. "தப்பா அளந்துட்டீங்க, அப்படித்தானே? அப்படின்னு சொல்லிடுங்க" என்றாள். சொன்னால் வெளியே வந்துவிடலாம், வக்கீலும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் என் அளவு தப்பு என்று நானே எப்படிக் கையெழுத்துப் போடுவது? முப்பது தப்படி, அளந்து அடித்தது. எழுதிக்கொள்ளுங்கள்.

மானைப் படம் எடுக்கத்தான் நின்றேன், அதையும் எழுதுங்கள். என் கேமராவிலிருந்து நீங்கள் எடுத்து மேசையில் பரப்பியிருக்கும் இந்த முப்பத்தெட்டுப் படங்களை இப்போதுதான் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் மான் மங்கலாக இருக்கிறது. மச்சினனின் முகம் மட்டும் கண்ணிமை வரைக்கும் தெளிவாக விழுந்திருக்கிறது. நல்ல படங்கள், ஐயா. இந்த முறை நான் டீ ஊற்றப் போகவில்லை.