கேலாங்குக்குப் போகச் சொன்னவன்

கேலாங்கில் ஓடுகிறேன். சைக்கிளை எங்கே போட்டேன் என்று தெரியாது. பின்னால் பாட்டில் உடைகிறது. ஒன்று. இன்னொன்று. கடைக் கதவுகள் படபடவென்று சாத்தப்படுகின்றன. போலீஸ் விசில். நீளமாக, மூன்று தடவை.

"கோவிந்தண்ணே!"

ஒரு மலாய்க்கார அம்மா கதவிடுக்கிலிருந்து உள்ளே வரச் சொல்லிக் கத்துகிறார்.

"மாசுக்! மாசுக்!"

சட்டையைப் பிடித்து என்னை உள்ளே இழுக்கிறார். தாழ் விழுகிறது. வெளியே காலடிகள். இருபது பேர் இருக்கலாம். தாண்டிப் போகின்றன.

அறுபத்து நான்கு, ஜூலை. மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் மூண்ட கலவரத்தின் இரண்டாம் நாள். காலையில் ஊரடங்கை எடுத்திருந்தார்கள். தேக்காவில் முத்தையா அண்ணனின் முடிதிருத்தும் கடை. அங்கே நான்தான் செய்தி ஆசிரியர். காலேஜ் படித்தவன் என்ற திமிர். ரேடியோவில் ஆங்கிலச் செய்தி கேட்பேன். வாசலில் இருக்கும் கரும்பலகையில் தமிழில் எழுதுவேன். அன்று எழுதியது இதுதான்: ஊரடங்கு இல்லை. வெளியே போகலாம்.

மணி பதினொன்றைத் தாண்டியது. எனக்கும் முத்தையா அண்ணனுக்கும் சண்டை.

"டிவி வந்தாச்சுண்ணே. இனிமே உங்க ரேடியோவ எவன் கேப்பான்? அதுக்கும் சேத்து ஷேவ் பண்ணி அனுப்பிடுங்க."

"படத்தப் பாத்துக்கிட்டே முடி வெட்டுனா காது போயிரும்டா. எனக்கு ரேடியோ போதும்லா."

"இப்படிப் பேசித்தான் நாம முன்னேறவே இல்ல!"

ரேடியோ என் பேச்சுக்கு இடைஞ்சல். சத்தத்தை நானே குறைத்தேன். பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அறிவிப்பு வந்தது. மறுபடியும் ஊரடங்கு. மறுபடியும் அடிதடி. எங்கள் காதில் விழவில்லை.

அப்போது கோவிந்தண்ணன் வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். பலகையைப் படித்தார்.

"தம்பி, தங்கச்சி கேலாங்ல தனியா கெடக்கு. போய்க் கூட்டிட்டு வந்துரவா?"

"தாராளமா போங்கண்ணே. ரேடியோவே சொல்லிருச்சு."

"படிச்ச புள்ள சொன்னா சரிதான்."

சைக்கிளில் ஏறினார். போனார்.

நான் ஜெயித்த திருப்தியில் இருந்தேன். முத்தையா அண்ணன் எழுந்து ரேடியோ சத்தத்தைக் கூட்டினார். அறிவிப்பைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மொழிபெயர்த்தேன்.

"ஓடுடா! என் சைக்கிள எடு! அவரப் புடி!"

பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. நீளமான வராந்தா. லட்சுமி தன் அண்ணனின் உடலை அடையாளம் காட்டிவிட்டு வெளியே வந்தாள். அழவில்லை.

"நான் பக்கத்து வீட்ல பத்திரமாத்தான இருந்தேன். அவர யாரு வரச் சொன்னா?"

தெரியாது என்றேன். முத்தையா அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு வராந்தாவில் முன்னால் நடந்தார்.

வதந்திதான் ஆளைக் கொன்றது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். கோவிந்தண்ணன் வதந்தியை நம்பிப் போகவில்லை. உண்மையான செய்தியை நம்பிப் போனார். அது பழசாகியிருந்தது. அதைச் சொன்னவன் நான். லட்சுமி, இதுதான் உனக்கு நான் அன்று சொல்லாத பதில்.

போனவை: சைக்கிள் இரண்டு. ஆள் ஒருவர். கோவிந்தன், வயது முப்பத்திரண்டு. எங்கள் கணக்கில் ஒருவர். லட்சுமிக்கு இந்த ஊரில் இருந்ததே அவர் ஒருவர்தான்.