பூண்டு வாசனை வந்த அறை

என் பெயர் தங்கம்மாள், வயது 54, காலஞ்சென்ற அருணகிரியின் மனைவி. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்கு எதிர்த்தெருவில் சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன். சென்ற வாரம் போலீசார் என்னை விசாரித்தபோது, மாடி அறை ஜன்னலை அங்கே குடியிருந்த எழில் அவராகவே மூடிக்கொண்டார் என்று சொன்னேன். அது பொய். அதைத் திருத்த இன்று 14.2.2005 நானாகவே காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை. அதற்குச் சம்மதிக்கிறவர்களுக்கு மட்டுமே மாடி அறையை விடுவேன். கீழ்பென்னாத்தூர் வேடியப்பன் மகன் எழில், வயது 27, ஒன்றரை வருடமாக அங்கே தங்கி ஆராய்ச்சிப் படிப்பு படித்தார். கல்லூரி உலை பழுதானதால் அறையிலேயே சிறிய மின்சார உலை வைத்து, ஏதோ தூளைச் சூடாக்கி, தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய கம்பிகளை வளர்ப்பதாகச் சொன்னார். ஒருமுறை நகத்தளவு தகடு ஒன்றைக் காட்டி, "இதுல கோடிக்கணக்குல கம்பி நிக்குதும்மா. வெளிச்சம் பட்டா கரண்ட் ஜாஸ்தியாவும், நிழல் பட்டா கம்மியாவும்" என்றார். உற்றுப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாதது வீட்டுக்குள் வளர்வது எனக்குப் பிடிக்கவில்லை.

2ஆம் தேதி காலை பதினோரு மணிக்குப் பூசையில் இருந்தபோது பூண்டு வதக்குகிற வாசனை வந்தது. அதன் பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே அடுப்பும் இல்லை, பாத்திரமும் இல்லை. உலையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் ஜன்னல் வழியாக வெளியே போயிருந்தது.

"பூச ரூம் பூரா நாறுது. அத்த உள்ள இழுத்துக்கினு ஜன்னல மூடுப்பா" என்றேன்.

"வெளியதாம்மா விடணும், உள்ள விடக் கூடாது. ரெண்டே நாளுங்க" என்றார்.

"அப்போ இன்னிக்கே ரூம காலி பண்ணு."

இரண்டு மாதத்தில் ஆராய்ச்சியை முடித்தாக வேண்டியவர், வேறு இடமில்லை என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் குழாயை உள்ளே இழுத்து வாளித் தண்ணீரில் விட்டு ஜன்னலை மூடினார். அதன் பிறகு வாசனை வரவில்லை. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அவருக்குச் சிறுநீர் ரத்தமாகப் போயிருந்தது. கண்ணும் உள்ளங்கையும் மஞ்சள் பூசியது போல இருந்தன. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். 5ஆம் தேதி இறந்துவிட்டார். அந்தத் தூளில் ஆர்சனிக் என்கிற விஷம் இருந்ததாகவும், அது சூடானால் பூண்டு வாசனை வரும் என்றும் டாக்டர் சொன்னார்.

அதன் பிறகு 12ஆம் தேதி எழிலின் அப்பா வேடியப்பன், மகனின் சாமான்களை எடுக்க வந்தார். நான் ஜன்னலைத் திறந்ததும் மேசை மேலிருந்த மீட்டரின் முள் தானாக எழுந்தது. அந்த நகத்தளவு தகடு பேட்டரியோடும் மீட்டரோடும் இணைத்தபடியே இருந்திருக்கிறது. வேடியப்பன் குனிந்தார், முள் விழுந்தது. விலகினார், எழுந்தது. மூன்று முறை அப்படி ஆயிற்று. அவர் என்னைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்தே, "எம்புள்ள ஜன்னல மூடிக்கினு தானா செத்தான்னு சொல்றாங்கம்மா" என்றார். நான் நகர்ந்தால் முள் அசையும் என்று பயந்து அப்படியே நின்றேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

எழில் சாக நினைக்கவில்லை. உள்ளே விடக் கூடாது என்று என்னிடம் சொன்னார். தற்கொலை என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, இம்முறை எதையும் மறைக்கவில்லை.

(ஒப்பம்) அ. தங்கம்மாள்