ஆற்றுக்கு நிலம் கொடுத்தவர்

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே! கிழக்குப் பள்ளத்திலிருந்து நடந்தும் மேற்குப் பள்ளத்திலிருந்து படகேறியும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் என் சோபாராணி அண்ணி அவர்களே!

நம் நீர்க் குழுவின் தலைவர், சோபாராணி அண்ணியின் கணவர் கிருத்திபாஸ் மண்டல் அவர்களின் படத்துக்கு மாலை போட்டாயிற்று. ஊதுபத்தியும் கொளுத்தியாயிற்று. எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை மலை என்றார்கள், விளக்கு என்றார்கள். இருக்கட்டும். எனக்கு இங்கே நிற்க இருப்புக் கொள்ளவில்லை. ஏன் தெரியுமா? ஜன்னல் வழியாகப் பாருங்கள், சோலுவா ஆற்றில் ஓதம் ஏறத் தொடங்கிவிட்டது.

இன்னும் சற்று நேரத்தில் கடல் தண்ணீர் சேற்றைச் சுமந்துகொண்டு நம் கரையோரம் வந்து நிற்கும். உள்ளே நுழைய வழி தேடும். வழி இருக்காது. சுமந்து வந்ததை ஆற்றின் அடியிலேயே கொட்டிவிட்டுத் திரும்பிப் போகும். நாள்தோறும் இரண்டு தடவை நடக்கிற அநியாயம் இது! நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம், அது கொட்டிக்கொண்டே இருக்கிறது.

உப்புத் தண்ணீர் வயலுக்குள் வரக்கூடாது என்று ஒரு காலத்தில் கரை கட்டினார்கள். சந்தோஷப்பட்டோம். வயலில் படிய வேண்டிய சேறு ஆற்றில் படிந்தது. ஆறு மேடாகிவிட்டது, வயல் பள்ளமாகிவிட்டது. அப்புறம் மழைத் தண்ணீர் எங்கே வடியும்? வானத்திலிருந்து விழுந்தது ஆற்றில் இறங்கிக் கடலுக்குப் போக வேண்டும், கடலுக்குப் போனது மேகமாகித் திரும்ப வேண்டும். உலகம் பூராவும் சுற்றி வருகிற தண்ணீர், நம் மேற்குப் பள்ளத்துக்கு வந்தால் மட்டும் சுற்ற மறந்து அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறதே! நானும் மேற்குக்காரிதான். போன ஐப்பசியில் கட்டில்மேல் அடுப்பு வைத்துச் சமைத்தவள்தான் நான்.

கிருத்திபாஸ் அண்ணா என்ன சொன்னார்? "ஆத்துக்கு மண்ணைக் கொட்ட ஒரு இடம் வேணும். அவ்வளவுதானே? என் வயல்ல கொட்டட்டும்." சொன்னதோடு நின்றாரா? கிழக்குப் பள்ளத்துக் கரையை வெட்ட முதல் மண்வெட்டியை அவரே எடுத்தார். அன்றைக்குக் கரைமேல் நின்று நம் மேற்குப் பள்ளத்து நிமாய் சர்தார் அண்ணா கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"கிருத்திபாஸு! பொண்டாட்டி நகையை வெச்சுச் சூதாடுறவனைப் பார்த்திருக்கேன். வயலை வெச்சு ஆத்தோட சூதாடுறவனை இப்பத்தான்யா பார்க்கிறேன்!"

அவர் நிமிரக்கூட இல்லை. "நீயும் ஒரு ஆட்டத்துக்கு வருவே நிமாய். பார்த்துக்கிட்டே இரு."

நான்கு வருடம் ஓதம் அவர் வயலுக்குள் போய்வந்தது. நான்கு வருடம் ஒரு கதிர் கிடையாது! அண்ணி குல்னா நகரத்தில் வீட்டு வேலைக்குப் போனார். மூத்த மகன் செங்கல் சூளைக்குப் போனான். ஒரு நாள் என் எதிரிலேயே அண்ணி கேட்டார்: "ஊருக்கெல்லாம் தண்ணி வடியுது. நம்ம வீட்டுல உலை எப்ப கொதிக்கும்?" ஊரையே பேச்சால் மடக்குகிற மனிதர், அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய்விட்டார்.

அந்த நான்கு வருடமும் ஓதம் உள்ளே போய் வெளியே வந்து ஆற்றை ஆழமாக்கியது. மேற்குக்காரர்களே, அந்த நான்கு வருடமும் நம் பள்ளம் வடிந்ததே, நாம் நாற்று நட்டோமே, நினைவிருக்கிறதா? யார் வீடு பட்டினி கிடந்து வடிந்தது அது? கிழக்கு மேடாகி நெல் விளைந்ததும் கரையில் வெட்டிய வழியை மூடினார்கள். அடுத்து கரையை வெட்ட வேண்டிய முறை நம்முடையது. நாம் என்ன செய்தோம்? மீன்குட்டை போட்டோம், வேலி போட்டோம், வாயை மூடிக்கொண்டோம். ஆறு மறுபடி தூர்ந்துவிட்டது.

செத்தால் எரிக்கக்கூட மேற்கில் காய்ந்த தரை இல்லை. தன் மேட்டு வயலில் ஒரு மூலையை அதற்கென்றே விட்டார் அண்ணா. நிமாய் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கொட்டுகிற ஆவணி மழையில் உங்கள் அம்மாவைப் படகில் கொண்டுபோனபோது, தார்ப்பாய்க்கு அடியில் காய்ந்த விறகோடு நின்றவர் யார்? நீங்கள் கூப்பிடக்கூட இல்லையே! எல்லோருக்கும் அக்காவான இந்தத் தீதியிடம் பிற்பாடு சொல்லிச் சிரித்தார். "உயிரோட இருக்கறப்போ ஒருத்தனும் என் பேச்சைக் கேக்க வரமாட்டேங்கிறான் தீதி. செத்தா மட்டும் மொத்த மேற்கும் என் வயலுக்குத்தான் வருது." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

போன வாரம் மேற்குக் கரையை வெட்டச் சம்மதம் கேட்டு மறுபடி நம் வீடுகளுக்கு வருகையில்தான் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதே மூலையில்தான் அவரையும் எரித்தோம்.

யார் அது பின்வரிசையில்? "புகழ்ந்தது போதும் தீதி, நாலு வருஷம் நாங்க என்னத்தைத் திங்கிறது, அதைச் சொல்லு!" கேட்டது நிமாய் அண்ணாவா? உட்காருங்கள், உட்காருங்கள். நல்ல கேள்வி. அண்ணி கேட்ட அதே கேள்வி.

இந்த வருடம் கிருத்திபாஸ் அண்ணா ஒரு மூட்டை நெல் விற்கவில்லை. வந்த வியாபாரிகளை விரட்டினார். விலை ஏறப் பதுக்குகிறான் கஞ்சன் என்று நாமும்தானே பேசினோம்? இன்று காலை அண்ணி என் கையைப் பிடித்துப் பத்தாயத்துக்கு அழைத்துப் போனார். மேல்வரை நெல்! "மேற்குல வெட்டுற அன்னைக்குத் திறக்கணும்னு வெச்சிருக்கார் தீதி. நான்தான் கேட்டேன். நான் பட்டதை இன்னொரு பொம்பளை படவேணாம்னு கேட்டேன்."

ஒரு பத்தாயம் ஒரு பள்ளத்துக்குப் போதுமா? போதாது. கிழக்குக்காரர்களே, இன்று உங்கள் வயல் மேடாக இருக்கிறது. மேற்கு விளைகிறவரை எங்களோடு நெல்லைப் பங்கிட்டுக்கொள்வீர்களா? கையைத் தூக்குங்கள்! வெட்கப்படாமல் தூக்குங்கள்! ஆ... பாருங்கள் நிமாய் அண்ணா. சுற்றிப் பாருங்கள். ஒரு கைகூட மடியில் இல்லை.

கிருத்திபாஸ் அண்ணா! நீங்கள் தொடங்கியதை நாங்கள் முடிப்போம். வெட்டு விழுந்தால் முதலில் மூழ்குவது என் வயல். மூழ்கட்டும், நான் தந்துவிட்டேன். ஆனால் வெட்ட வேண்டிய கரை நிமாய் அண்ணாவின் குட்டையை ஒட்டி இருக்கிறது. அவர் சம்மதிக்காமல் ஒரு கூடை மண் எடுக்கமாட்டோம். இது மாசி. சேறு கனத்து வருகிற காலம். ஆனி மழை விழுந்துவிட்டால் இன்னொரு வருடம் போச்சு.

ஒரு நிமிட மௌனத்துக்கு எழுந்து நிற்போம், வாருங்கள். எழுந்தவர்கள் திரும்ப உட்கார வேண்டாம். மண்வெட்டிகள் வெளியே படகில் கிடக்கின்றன.

எல்லோரும் எழுந்தாயிற்றா? நிமாய் அண்ணா, நீங்கள் மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் வந்து நிற்பது யாரென்று பாருங்கள். அண்ணி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள்.